அன்றைக்கு யார் முறை

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு, ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். வெளியே வயலும் மலையும் ஒன்றாகக் கரைந்து ஓடின. முகம் எதுவும் தெரியாததால் காதுக்குத்தான் வேலை. முன் சீட்டில் காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு புத்தகத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மடியில் செங்கல் கனத்துக்கு இருந்தது அது. அவ்வளவு மட்டும் தெரிந்தது.

“அந்தச் சூனியக்காரி செஞ்சதுதான்டி கரெக்ட். ஊரைக் காப்பாத்தத்தானே செஞ்சா?”

“யாரு சொன்னா? அவளே சொல்லுதா. அவ வாயால அவளைக் கெட்டவளுன்னு சொல்லுவாளா?”

“அப்ப எளவரசன் சொன்னா மட்டும் நம்புவியாக்கும். மூஞ்சியைப் பாத்து நம்புத நீ.”

“புத்தகத்துல மூஞ்சியை எங்கட்டி பாத்தே?”

சிரிப்பு. அது ஒரு மாயக்கதை என்றும், ஆளுக்கொரு அத்தியாயமாகத் தன் கதையைத் தானே சொல்கிறார்கள் என்றும் பேச்சிலிருந்து பிடித்துக்கொண்டேன். ‘அவ பி.ஓ.வி., இவன் பி.ஓ.வி.’ என்று என்னமோ சொன்னார்கள். ஏதோ படிப்பின் பெயர் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான், ஒருத்தர் தன் வாயால் சொல்கிற பகுதிக்கு அந்தப் பெயர் என்று விளங்கியது.

மூன்றாவது பிள்ளை அதுவரை பேசாமல் வந்தது. “எனக்குப் பிடிக்கவே இல்ல. எல்லாரையும் பேச விட்டுட்டாங்க. இப்ப ஒருத்தரையும் வெறுக்க முடியல. ஒரு கதைன்னா ஒருத்தனையாவது நிம்மதியா வெறுக்க வேண்டாமா?” என்றது.

“எனக்கு அதுகூடப் பரவால்லடி. அம்புட்டுப் பேரும் பேசி முடிச்ச பொறவும் எவன் நெசம் சொன்னான்னு தெரியல பாரு, அதான் ஆத்திரமா வருது.”

என் கை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. அதில் ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்து, “ஆச்சி, சன்னலைச் சாத்தவா? கண்ணுல காத்து அடிக்குதோ?” என்று கேட்டது. கண்ணில் நீர் வந்திருக்கும்போல. தலையை ஆட்டினேன். இந்தச் சண்டையை நான் முன்பே கேட்டிருக்கிறேன் பிள்ளைகளா என்று சொல்ல நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை. என் சுபாவம் அப்படி. பஸ் நிறுத்தம் தாண்டிப் போனால்கூடக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊர் வரை போய்த் திரும்பி நடந்து வந்தவள் நான்.

ராஜபாளையத்தில் இறங்கினால் பஸ் ஸ்டாண்ட் வாசலில் சாக்கடை ஓரமாக பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், உங்களிடம் சொன்னால் என்ன, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றுவிட்டேன்.

ஐம்பது வருஷம் இருக்கும். மம்சாபுரத்திலிருந்து தினமும் வந்து, ராஜபாளையத்துக்கு மேற்கே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தேன். காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணி அங்கே தயாராகும். ஒரு பக்கம் தறி ஓடும். பின்பக்கம் தொட்டியில் சோடாக் காரம் போட்டுத் துணியை வேகவைத்து, பிளீச்சிங்கில் போட்டு வெளுத்து, வெயிலில் கம்பி கட்டிக் காயப்போடுவார்கள். நாங்கள் தரையில் உட்கார்ந்து அதை நாலாக மடித்து, பிளேடால் அறுத்து, உருட்டி, நீலக் காகிதத்தில் சுற்றுவோம். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தால் சோற்றிலும் அந்த வாடைதான். தலைக்கு வைத்த மல்லிகைப் பூகூட மத்தியானத்துக்குள் வாசனை மறந்துவிடும்.

கடைசி வரிசையில் நாங்கள் நாலு பேர். சீதம்மா எங்களில் மூத்தவள், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், எதைச் சொன்னாலும் ‘அப்படியா’ என்பதைத் தெலுங்கில் “அவுனா?” என்று கேட்பாள். ஜெய்த்தூன் டவுனில் பழைய பேப்பர் கடைக்காரர் மகள். முத்துலட்சுமி சுந்தரபாண்டியத்துக்காரி, ராஜபாளையத்தில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். நாலாவது நான்.

எங்களில் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது முடித்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஜெய்த்தூன் கடையில் பழைய பேப்பர்க் கட்டோடு போக இருந்த ஒரு புத்தகத்தைச் சேலைக்குள் வைத்துக் கொண்டுவந்தபோது, அது நேராக என் மடியில் வந்து விழுந்தது. அட்டை கிடையாது. பேர் என்ன, எழுதியவர் யார், இன்றுவரை தெரியாது.

ஒரு அதிசயம் சொல்கிறேன். சொந்தமாக நாலு வார்த்தை பேச எனக்குத் தொண்டை திறக்காது. அடுத்தவர் எழுதியதை வாசி என்றால் திறந்துவிடும். துணிக் குவியலுக்குப் பின்னால் புத்தகத்தை மறைத்து வைத்து நான் வாசிப்பேன். தறிச் சத்தத்தில் எங்கள் வரிசையைத் தாண்டி ஒன்றும் கேட்காது. என் பங்குத் துணியை மற்ற மூவரும் பிரித்து மடித்துவிடுவார்கள். மேஸ்திரி தலை தெரிந்தால் புத்தகம் துணிக்குள் போகும். ஒருநாள் அப்படி அவசரத்தில் செருகியதில் கழன்றிருந்த ஒரு பக்கம் பேண்டேஜோடு சேர்ந்து சுற்றப்பட்டுப் போய்விட்டது. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸ் பிரித்துப் பார்த்து முழித்தாளோ.

கதை இது. மழை மறந்துபோன ஒரு நாடு. மலை மேல் ஒரு ஏரி. கண் தெரியாத யாளி ஒன்று அதைக் காவல் காக்கிறது. ஒரு விடியற்காலையில் யாரோ மடையைத் திறந்துவிட, ஏரி இறங்கி ஊரே முழுகிப்போகிறது. திறந்தது யார்? அதுதான் கதை.

நான் வாசித்தேன். ஒரு வாரம் வாசித்தேன். ஒரு நாள் மத்தியானம் முத்து பிளேடைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி, நிறுத்து. முந்தாநேத்து இந்த ‘நான்’ மீசையை முறுக்குச்சு. நேத்து இதுக்கு வால் இருந்துச்சு. இன்னைக்குத் தலைக்குக் குளிச்சுப் பூ வைக்குது. எந்த ஊர்லடி இப்படி ஒரு ஆளு இருக்கு?”

“மாயக்கதைன்னா அப்படித்தான்” என்றாள் சீதம்மா. “ராஜாவே ராணியா மாறுவாரு. நீ மடி.”

“மாறட்டும். மாறும்போது ஒரு வார்த்த சொல்லிட்டு மாறக் கூடாதா?”

ஜெய்த்தூன் பெரிய எழுத்தை மட்டும் கூட்டிப் படிப்பாள். புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். “இங்க பாரு. மேல ‘ராணி’ன்னு போட்டிருக்கு. இங்க ‘யாளி’. இதை ஏன்டி வாசிக்கல?”

“அது தலைப்பு” என்றேன்.

“தலைப்பை வாசிக்கக் கூடாதுன்னு எவ சொன்னா?”

“வாத்தியாரு.”

நிஜம்தான். எங்கள் வாத்தியாருக்கு எப்போதும் அவசரம். ‘தலைப்பு எல்லாருக்கும் தெரியும், பாடத்துக்குப் போ’ என்பார். அப்படியே பழகிவிட்டது. ராஜா, ராணி, மடைக்காரன், யாளி என்று நாலு பேர் மாறி மாறிச் சொன்ன கதையை, நான் ஒரே ஆள் தலையில் கட்டி ஒரு வாரம் வாசித்திருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரியே எட்டிப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். அதன்பிறகு அத்தியாயம் மாறும்போதெல்லாம் முத்து, பஸ் வருவதைச் சொல்கிற மாதிரி, “வேற நான் வருது, வேற நான்!” என்று அறிவிப்பாள்.

நாலு பேர் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும்தான் சண்டை பிடித்தது. சீதம்மா ராணி கட்சி. “வெள்ளத்துல பிள்ளையைப் பறிகொடுத்தவ பொய் சொல்லுவாளா?” ஜெய்த்தூன் யாளி கட்சி. “மனுசன்தான் பொய் சொல்லுவான். மிருகத்துக்கு எதுக்குப் பொய்?” “அதுக்குக் கண்ணே தெரியாதேடி, அது எதைப் பாத்துச்சு?” “ஒனக்கு ரெண்டு கண்ணு இருக்கே, நீ எம்புட்டுப் பாத்தே?” ராஜாவுக்கு எங்களில் ஆள் கிடையாது. எனக்கு மடைக்காரனைப் பிடிக்கும். அவன்தான் குறைவாகப் பேசினான்.

நாலு பேரும் போகப் போக ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். மலையில் ஆடு மேய்க்கிற ஒரு சின்னப் பிள்ளை. அதுதான் திறந்தது என்று ராஜா தன் காரணத்துக்காகச் சொன்னார், ராணி தன் காரணத்துக்காக. முத்து எந்தக் கட்சியிலும் சேரவில்லை. “எல்லாரும் அதைச் சொல்லுதாவ. அந்தப் பிள்ளையை யாராவது கேட்டாவளா? அது எப்ப பேசும்?” என்பாள்.

“முன்னால புரட்டிப் பாருடி” என்று என்னிடம் கெஞ்சுவாள். “கூடாது” என்று சீதம்மா தடுத்துவிடுவாள். “அந்தப் பிள்ள பேசவே பேசாது. வெள்ளத்துல அதுவும் போயிருக்கும்.” “போனா என்ன? மாயக்கதைதானே, செத்த பொறவு பேசட்டும்.”

இனிமேல் சொல்ல வேண்டியதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன்.

கம்பெனியில் ஆண்களுக்கு என்று இருந்த வேலை தொட்டி வேலை. சுப்பையா என்று ஒருத்தர், முப்பது வயது இருக்கும், பிள்ளைகுட்டிக்காரர். அவர் ஒருத்தரால் முடியாது என்று மடிக்கிற பெண்களில் ஒருத்தியை மேஸ்திரி தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் அங்கே அனுப்புவார். தொட்டியின் குறுக்கே ஒரு பலகை கிடக்கும். அதில் நின்று, கொதிக்கிற துணியைக் கம்பால் அமுக்கிவிட வேண்டும். எல்லோருக்கும் முறை உண்டு. எங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முறை வைப்பார்களே, அதே மாதிரி. நோட்டில் எழுதுவது கிடையாது. ‘இன்னைக்கு யார் முறை?’ என்று மேஸ்திரி கேட்பார். முறைக்காரி எழுந்து போவாள்.

ஆடி மாதம். மேல்காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு என் முறை.

மடை திறக்கிற இடத்துக்கு ராணி வந்துகொண்டிருந்தாள். நான் எழுந்தேன். சீதம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். “இந்த எடத்துல விட்டுட்டுப் போனா எனக்குக் கை ஓடாது.” ஜெய்த்தூனும், “வாசிடி, வாசிடி” என்றாள். நான் மேஸ்திரி இருந்த பக்கம் பார்த்தேன். முத்து எழுந்து சேலையைத் தூக்கிச் செருகினாள்.

“நீ வாசி. நான் போயிட்டு வாரேன். அந்தப் பிள்ள பேசுற எடம் வந்தா மட்டும் நிறுத்தி வை. நான் வந்த பொறவு வாசி.”

வாசித்தேன். ராணி அழுதாள், நானும் குரலை அழுகிற மாதிரி வைத்து வாசித்தேன். எனக்கு அதில் ஒரு பெருமை. பின்பக்கம் கேட்ட சத்தத்தை முதலில் தறிச் சத்தம் என்றுதான் நினைத்தேன்.

பலகை நனைந்து வழுக்கியதா, காற்று தள்ளியதா, தெரியாது. சுப்பையா தன் இரண்டு கையையும் கொதிக்கிற காரத்துக்குள் விட்டு அவளைத் தூக்கிப் போட்டிருந்தார். அதற்கு மேல் அதை எழுதவில்லை. மதுரையில் மூன்று நாள் உயிர் இருந்தது. பார்க்கப் போன ஜெய்த்தூன், “கண்ணு மட்டும் விட்டு மிச்சமெல்லாம் சுத்தியிருக்காவடி. நம்ம துணி” என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் எந்தக் காயத்துக்கும் நான் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டதில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவேன்.

அவள் பிழைக்கமாட்டாள் என்று தெரிந்த அன்றைக்கு, மேஸ்திரி எங்கள் வரிசைக்கு வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

“விசாரணைக்கு வாராவ. தொட்டிப் பக்கம் பொம்பளையாளுக்கு வேலை கிடையாது. அம்புட்டுதான். கேட்டா அதைச் சொல்லுங்க. வேலை நேரத்துல இங்க என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நான் சொல்ல ஆரம்பிச்சா, அவ செத்தா அது யாரால வந்துச்சுன்னு சொல்லும்படி ஆயிரும்.”

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

ஒவ்வொருத்தியாக ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி, ஒரு போலீஸ்காரர், எழுதுகிறவர் ஒருத்தர். சீதம்மா போய், “அவளாத்தான் எந்திரிச்சுப் போனா” என்று சொல்லிவிட்டு வந்தாள். அது பொய் இல்லை, பாருங்கள். ஜெய்த்தூன், “நான் அந்தப் பக்கம் பார்க்கல” என்றாளாம். அதுவும் பொய் இல்லை. சுப்பையா மட்டும், கட்டுப் போட்ட கையோடு, “தெனமும் ஒரு பிள்ளையை அனுப்புவாவ, அன்னைக்கு முத்து வந்தா” என்று இருந்ததைச் சொன்னார்.

கடைசியாக நான். “தொட்டிப் பக்கம் பொம்பளையாளுக்கு வேலை உண்டா, இல்லையா? பயப்படாமச் சொல்லும்மா” என்றார் போலீஸ்காரர். குரலில் தயவு இருந்தது. அன்னைக்கு என் முறை. மூன்றே சொல். வாய் திறக்கவில்லை. தலையை ஆட்டினேன், இல்லை என்கிற பக்கமாக. எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

தொட்டிப் பக்கம் வேலையே இல்லை என்றால், வயசுப் பிள்ளை அங்கே எதற்குப் போனாள்? சுப்பையா ஏன் அவளுக்காகப் பொய் சொல்கிறார்? இரண்டு கேள்வியையும் ஊர் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பதிலை நான் என் காதால் கேட்டேன். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். சுப்பையா குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். முத்துவின் தங்கைக்குப் பட்டாளத்தில் இருந்த ஒரு பையனை நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

புத்தகத்தைச் சீதம்மா தொட்டி அடுப்பில் போட்டாள். மேஸ்திரி கையில் கிடைத்துவிடக் கூடாது என்று பயம். “புரட்டிப் பாத்தியாடி? அது பேசுச்சா?” என்று போடுவதற்கு முன்னால் என்னைக் கேட்டாள். நான் பார்த்திருக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வரிசையில் மூன்று பேரும் ஒருத்தியோடு ஒருத்தி முகம் பார்த்துப் பேசியதில்லை. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். வேலையை விட்டேன்.

கூச்சம், கூச்சம் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான் அது. கூச்சம் என்றால் கேட்க மரியாதையாக இருக்கிறது.

பஸ்ஸில் அந்தப் பிள்ளைகள் பேசியதைக் கேட்ட மறுவாரம், கண் கொஞ்சம் தெளிந்ததும், சுந்தரபாண்டியத்துக்குப் போனேன். மகனிடம் கோவில் என்று சொல்லிவிட்டுப் போனேன். முத்துவின் அம்மா இருக்கமாட்டார், எனக்குத் தெரியும். தங்கையாவது இருக்கும் என்று ஒரு எண்ணம். தெருவைக் கண்டுபிடித்தேன். வீட்டைக் காணோம். அந்த இடத்தில் கம்பிக் கதவு போட்ட மாடி வீடு. பக்கத்து வாசலில் என்னைவிட மூத்த ஒரு அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

“இங்க முத்துலட்சுமி வீடு இருந்துச்சே?”

“எந்த முத்துலட்சுமி?”

“ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனிக்குப் போன…”

“ஆங்! தொட்டிக்காரன் கூட நின்னு விழுந்து செத்தாளே, அவளா? அவிய வீட்டு ஆளுக அப்பவே திருப்பூர்ப் பக்கம் போயிட்டாவ. இருக்காவளோ, என்னமோ.”

“அவ அதுக்குப் போகல.”

“என்னது? சத்தமாச் சொல்லு, காது மந்தம்.”

“அவ அதுக்குப் போகல. எனக்குப் பதிலாப் போனா. அன்னைக்கு என் முறை!”

சத்தமாகத்தான் சொன்னேன். எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். என் குரல் தெருவில் கேட்டது எனக்கே புதிதாக இருந்தது.

“முறையா?” என்று அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். “நீ அவளுக்கு என்ன முறை? சித்தி மகளா, அத்தை மகளா?”

“அந்த முறை இல்ல…”

அவர் கையை நீட்டி என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். “சரி, விடு. சொந்தம்னா அப்படித்தான் சொல்லத் தோணும். விட்டுக்குடுக்க முடியுமா?”

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். எதிர் வீட்டுப் பெண், “யாரும்மா முத்துலட்சுமி?” என்று கேட்டாள். “அது அந்தக் காலம், ஒனக்குத் தெரியாது” என்று அவர் திரும்பவும் முறத்தை எடுத்துக்கொண்டார்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். தொட்டியைத் தூர்த்து அதன்மேல் வண்டி நிறுத்துகிறார்கள். மேஸ்திரி போய்விட்டார். சீதம்மாவும் ஜெய்த்தூனும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் போய்விட்டார்கள். சுந்தரபாண்டியத்தில் அந்தத் தெருவில் அவள் பெயரைச் சொன்னால் ‘அவளா’ என்று கேட்க மிச்சம் இருப்பது அந்த அம்மா ஒருத்தர்தான். அவருக்கும் அவளைப் பற்றித் தெரிந்தது அந்தப் பழி மட்டும்தான். அவர் காலத்தோடு பழி போய்விடும், அதோடு பேரும் போய்விடும். அன்றைக்கு அந்தத் தெரு முனையில் பஸ் ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வெயில் ஏறியிருந்தது. நிழலில் உட்கார்ந்து புடைத்தால் என்ன, இந்த வயதில் உடம்புக்கு ஏதாவது வந்துவிடுமே என்று அந்த அம்மாவுக்காகக் கவலையாக இருந்தது.